காணொளியில் எலும்பு கிளினிக்: எங்களுக்குப் பொருந்தும் வழி எது?

போர் 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. ஆனால் செயற்கைக் காலோடு நடப்பவர்களுக்கும், எலும்பில் தகடும் ஆணியும் பொருத்தப்பட்டவர்களுக்கும், ஷெல் துண்டுகளை உடம்பில் சுமப்பவர்களுக்கும் எலும்பு கிளினிக் ஒரு தடவையோடு முடிகிற விடயமல்ல. ஆயுள் முழுவதும் போய்வர வேண்டிய இடம் அது.

முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். நெடுந்தீவு என்றால் முதலில் குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ். யாழ்ப்பாணத்து நிபுணரிடம் அனுப்பப்பட்டவர் விடியமுன் புறப்பட வேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும். இருவரது அன்றைய கூலியும் போய்விடும். பல தடவைகளில் கிடைப்பது, எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "பரவாயில்லை, மூன்று மாதத்தால வாங்கோ" என்ற ஒரு வசனம்தான். அதைக் கேட்க நேரில் போகத்தான் வேண்டுமா என்பதே என் கேள்வி.

வேறு நாடுகள் இந்தக் கேள்வியை முன்னரே எழுப்பிவிட்டன. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகர வைத்தியசாலையில் 2011 முதல், எலும்பு முறிவு நோயாளியின் எக்ஸ்ரேயையும் குறிப்பையும் நிபுணர் முதலில் பார்க்கிறார். பிறகு தாதி தொலைபேசியில் விளக்குகிறார். தானாகவே பொருந்தக்கூடிய சிறு முறிவுகளுக்கு மறுபடி கிளினிக் வரத் தேவையில்லை. இந்தியாவின் இ-சஞ்சீவனி திட்டத்தில், கிராம சுகாதார நிலைய ஊழியர் நோயாளியின் பக்கத்தில் இருந்தபடி தூரத்து வைத்தியரைத் திரையில் அழைக்கும் முறையும் உண்டு.

எங்களுக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது முறை என்று நினைக்கிறேன். வீட்டில் நல்ல கைத்தொலைபேசியும் டேட்டாவும் எல்லோருக்கும் இல்லை. சிக்னலும் எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் அருகில் ஒரு பிரதேச வைத்தியசாலையோ ஆதார வைத்தியசாலையோ உண்டு. அங்கே ஒரு அறை, ஒரு திரை, பக்கத்தில் வைத்திய அதிகாரியோ இயன்மருத்துவரோ இருந்தால், நிபுணர் சொல்லும் இடத்தை அவர் தொட்டும் மடக்கியும் பார்த்துச் சொல்லலாம்.

எல்லாவற்றையும் திரையில் பார்க்க முடியாது. ஆறிவரும் காயம், மூட்டு எவ்வளவு மடங்குகிறது, உடற்பயிற்சி, மருந்து மாற்றம் ஆகியவற்றைப் பார்க்கலாம். புதிய முறிவையும், செயற்கைக் காலின் குழி சரியாகப் பொருந்துகிறதா என்பதையும், வெட்டப்பட்ட காலின் நுனியில் நரம்பு வலி எங்கே தொடங்குகிறது என்பதையும் கைபடாமல் தீர்மானிப்பது ஆபத்து. மாவுக்கட்டு போட்ட கை கால் வீங்கி, விரல்கள் விறைத்தால் அல்லது நிறம் மாறினால், காணொளித் திகதிக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இன்னொரு பயமும் எங்கள் மத்தியில் உண்டு. எங்கே, எப்போது, எப்படிக் காயம் பட்டது என்ற கேள்விக்கு இங்கே பலர் இன்னும் தயங்கித்தான் பதில் சொல்கிறார்கள். அந்தப் படமும் குறிப்பும் யாருடைய போனில் தங்கும்? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட பாதுகாப்புக்குரியதாக வகைப்படுத்துகிறது. ஆகவே வைத்தியரின் சொந்த வட்ஸ்அப்பில் இது நடக்கக்கூடாது. அழைப்பு பதிவு செய்யப்படாது என்று எழுத்தில் தரவேண்டும்.

நிர்வாகச் சிக்கலும் இருக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ். பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். 2018 ஒக்டோபரில் வடமாகாண சபையின் பதவிக்காலம் முடிந்த பின்னர், மாகாணத்தின் தேவையைக் கேட்டு வாங்கத் தெரிவான சபையும் இருக்கவில்லை. எக்ஸ்ரே ஒரு பக்கமும் நிபுணர் மறுபக்கமும் இருக்கையில், இரண்டையும் இணைக்கும் பொறுப்பு யாருடையது என்பதை முதலில் எழுதிவைக்க வேண்டும்.

2020 முடக்கத்தில் கிளினிக் மருந்துகள் தபாலில் வீடுகளுக்குப் போயின. நெருக்கடியில் முடிந்த அந்த ஏற்பாடு, முறை மாறலாம் என்பதைக் காட்டியது. வாரத்தில் ஒரு நாள், ஒரு வைத்தியசாலை, மறுபரிசோதனைக்கு வருபவர்கள் மட்டும் எனச் சிறிதாகத் தொடங்கலாம். ஒரே நிபந்தனை: திரை வேண்டாம், நேரில் வருகிறேன் என்பவரின் இடம் வரிசையில் பின்னுக்குப் போகக்கூடாது. அடுத்த கிளினிக்கில் கொப்பியை நீட்டும்போது, "அடுத்த முறை இதை எங்கட ஊர் ஆசுப்பத்திரியில இருந்தே பார்க்கலாமோ டொக்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் கேட்டால்தான் இந்தத் தேவை அதிகாரிகளின் மேசைக்குப் போகும்.