வாங்காத கடனுக்கு நாம் ஏன் தலைகுனிய வேண்டும்?



"அவருக்குக் கிரிப்பில பெயர் விழுந்திருக்காம்." நமது ஊரில் இப்படி ஒரு கதை கிளம்பினால் போதும், விசாரணை இல்லாமலே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வீடு வாங்க வங்கிக்குப் போனவர் வெட்கத்தில் வாயை மூடிக்கொள்கிறார். அந்தக் கடன் உண்மையில் அவருடையதுதானா என்று கேட்க ஆளில்லை. நமது பெயரில் பிழையாகப் பதிவான கடனை எழுத்து மூலம் மறுப்பது நமது உரிமை. பேசாமல் கட்டித் தீர்ப்பது பொறுமையும் அல்ல, மானமும் அல்ல.

கிரிப் என்று நாம் சொல்லும் இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் யார் எவ்வளவு கடன் எடுத்தார், எப்படிக் கட்டுகிறார், யாருக்குப் பிணை நின்றார் என்ற விபரங்களை அங்கே அனுப்புகின்றன. பணியகம் அவற்றைத் தொகுத்து அறிக்கையாகக் கொடுக்கிறது. அது யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. இவருக்கு லோன் கொடு, அவருக்குக் கொடுக்காதே என்று சொல்வதுமில்லை. அந்த முடிவு வங்கியுடையது. ஆகவே ஒரு கம்பனி பிழையான விபரத்தை அனுப்பினால் அறிக்கையிலும் அந்தப் பிழையே இருக்கும்.

பிழை வருவதற்கு நம்மிடையே இடமும் அதிகம். ஒரே பெயரில் ஒரே ஊரில் நாலு பேர் இருக்கிறோம். முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், வங்கிப் புத்தகத்தில் வேறொரு விதம். பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வந்த புதியதில் 12 இலக்கம். ஓர் இலக்கம் மாறினாலும் இன்னொருவரின் கடன் நமது தலையில் விழலாம். கட்டி முடித்த லீசிங்கை முடிந்ததாக அறிவிக்காமல் விடுவதும் நடக்கிறது.

நமது சக ஆசிரியர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். பல வருடச் சேமிப்பைக் கொண்டு, வீட்டோடு ஒரு காணிக்கு அட்வான்ஸ் கொடுத்தார். மூன்று மாதத் தவணை. வங்கியில் எல்லாம் சரி என்றிருந்த நேரத்தில், ஒரு முச்சக்கர வண்டி லீசிங்கில் அவர் பெயரில் நிலுவை இருப்பதாகச் சொன்னார்கள். அவர் வாழ்நாளில் முச்சக்கர வண்டி வாங்கியதில்லை. "சின்னக் காசுதானே சேர், கட்டிப்போட்டு அலுவலைப் பாருங்க" என்றுதான் பலரும் சொன்னார்கள். அவர் கட்டவில்லை. அறிக்கையை எடுத்தார், கடிதம் எழுதினார், அந்தக் கம்பனிக்கு நடையாய் நடந்தார். கடைசியில் அடையாள அட்டை இலக்கத்தில்தான் பிழை என்று ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். ஆனால் அதற்குள் தவணை முடிந்துவிட்டது. அட்வான்ஸ் திரும்பக் கிடைத்தது, வீடு கைமாறிப் போனது.

"கட்டிப்போட்டு அலுவலைப் பாருங்க" என்பது நல்ல மனதோடு சொல்லும் கெட்ட புத்திமதி. கட்டினால் அந்தக் கடன் நம்முடையதுதான் என்று நாமே ஏற்றுக்கொண்டது போலாகும். கணக்கும் நமது பெயரிலிருந்து போகாது. உண்மையில் கடன் எடுத்தவர் அடுத்த மாதம் கட்டாவிட்டால் நிலுவை மறுபடியும் நமக்குத்தான். காசும் போய், பெயரும் போகும்.

"நாங்க வட்டி லோன் எடுக்கிறதில்லையே, எங்களுக்கென்ன கிரிப்?" என்று கேட்பவர்களும் உண்டு. இஸ்லாமிய வங்கி முறையில் எடுக்கும் முராபஹா, இஜாரா போன்ற வசதிகளும் அங்கே பதிவாகின்றன. பிணைக் கையெழுத்தும் பதிவாகிறது. ஊரில் யார் லோன் எடுத்தாலும் அரச உத்தியோகத்தர் ஒருவரின் கையெழுத்தைத் தேடி வருவார்கள். ஆசிரியர்களான நம்மில் எத்தனை பேர் முகத்தாட்சண்யத்துக்காகக் கையெழுத்திட்டிருப்போம்! அப்படி நாம் பிணை நின்ற கடன் அறிக்கையில் வந்தால் அது பிழையல்ல. மறந்துபோன கடன் அட்டை நிலுவையும் பிழையல்ல. அவற்றைப் பொறுப்பேற்றுத் தீர்க்கத்தான் வேண்டும். நாம் மறுக்கச் சொல்வது நம்முடையது அல்லாததை மட்டும்.

செய்ய வேண்டியவை இவை:

1. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னரே அறிக்கையை எடுங்கள். ஒவ்வொருவரும் தனது அறிக்கையைக் கட்டணம் செலுத்திப் பணியகத்திடமிருந்து பெறலாம். உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டுவது எவ்வளவு அவசியமோ இதுவும் அவ்வளவு அவசியம்.

2. உங்களுடையதல்லாத கடன் இருந்தால், பணியகத்துக்கும் அதைப் பதிந்த வங்கிக்கோ கம்பனிக்கோ எழுத்தில் முறையிடுங்கள். பணியகம் தானாக விபரத்தை மாற்றாது. பதிந்த நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும்.

3. அடையாள அட்டைப் பிரதி, கட்டி முடித்த கடிதம், ரசீதுகளை இணையுங்கள். அந்தக் கடன் உடன்படிக்கையின் பிரதியைக் கேளுங்கள். கையெழுத்து யாருடையது என்று அதில் தெரிந்துவிடும்.

4. பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

5. நிறுவனம் இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தில் முறையிடலாம். நிதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார்.

6. திருத்திவிட்டோம் என்று சொன்னதோடு விட்டுவிடாமல், புதிய அறிக்கை எடுத்துப் பாருங்கள்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் சூரா அல்பகராவின் 282ஆம் வசனம். அது பேசுவது கடனை எழுதுவது பற்றி. எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், கடன் பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் இருக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. கடன் பட்டவர் சொல்லாமல், அவருக்கே தெரியாமல் எழுதப்பட்ட ஒரு கணக்கைச் சரிபார்க்கக் கேட்பதில் என்ன வெட்கம்? ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர், மையித்து யாருக்காவது கடன்பட்டிருந்தால் குடும்பத்தாரிடம் சொல்லுங்கள் என்று அறிவிக்கிறோம். கடனில் அவ்வளவு கவனமான சமூகம் நாம். அந்தக் கவனம் மௌத்தான பிறகு மட்டும் வந்தால் போதாது. உயிரோடு இருக்கும்போதே நமது பெயரில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரியாதே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். ஒவ்வொரு ஊரிலும் நம்மைப் போன்ற ஆசிரியர்கள் இருக்கிறோம். லுஹருக்குப் பிறகு பள்ளியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு கடிதம் எழுதிவிடலாம். பிணைக் கையெழுத்துக் கேட்டு நம்மிடம் வருகிறவர்கள் இதற்கும் வாருங்கள். இந்தக் கையெழுத்தை நாம் சந்தோஷமாகவே போடுவோம்.