டயரின் உள்பக்கத்தையும் பாருங்கள்



போன வாரம் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். பழைய போலோ காரை ஆசை ஆசையாக வேகக் காராக மாற்றி வைத்திருக்கிறான். முன் டயர் வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருந்தது. குனிந்து உள்பக்கம் பார்த்தால் கம்பி எட்டிப் பார்க்கிறது! பின் சீட்டில் அவன் இரண்டு வயது மகள்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டும் நண்பன் சொன்ன அலைன்மென்டை அப்படியே வைத்திருக்கிறான். கேம்பர் மைனஸ் 3 டிகிரி. முன் சக்கரங்களுக்கு டோ-அவுட்.

அந்த அளவு தப்பில்லை, வைத்த இடம்தான் தப்பு. டிராக்கில் வேகமாக வளையும்போது கார் சாயும். தலையை உள்பக்கம் சாய்த்து வைத்த டயர் அப்போது தரையில் நன்றாகப் பதியும். டோ-அவுட் இருந்தால் கார் சட்டென்று திரும்பும். நாம் போவதோ பெரும்பாலும் நேர்ச்சாலை. அங்கே பாரம் உள்விளிம்பில் விழும். டோ-அவுட் அதை இன்னும் தேய்க்கும்.

அடுத்தவனைப் பார்த்து எழுதினால் இதுதான் கதி. கேள்வித்தாளே வேறு!

தினம் ஓட்டும் காருக்கு கேம்பர் மைனஸ் ஒன்றரைக்குள், டோ பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் போதும் என்பது என் கருத்து. டிராக்குக்குப் போனால், திரும்பியதும் பழைய அளவுக்கு மாற்றிவிடுங்கள்.

இன்றைக்கே ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி வைத்து, டயரின் உள்விளிம்பை ஒருமுறை பாருங்கள், கண்ணுகளா.