இன்சுலினை மறைக்கும் பிள்ளைகள்

சர்க்கரை வியாதி என்றாலே கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நடுவயதுக்காரரின் நோய் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் அது வருகிறது. அதில் பெரும்பாலானது முதல் வகைச் சர்க்கரை நோய். 20 வயதுக்கு உட்பட்டவர்களில் இந்நோய் உள்ளோர் உலகிலேயே அதிகமாக வாழும் நாடு இந்தியா. சுமார் 2 லட்சத்து 29 ஆயிரம் பேர் என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-இல் மதிப்பிட்டது.

இந்தப் பிள்ளைகளின் கணையத்தில் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்று விடுகிறது. மாத்திரை போதாது, தினமும் இன்சுலின் ஏற்றியே ஆக வேண்டும். 1922-இல் கனடாவின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இந்த மருந்து செலுத்தப்படும் வரை, இந்நோய் கண்ட பிள்ளைகள் எலும்பும் தோலுமாகி இறந்தே போனார்கள்.

அப்படிப்பட்ட உயிர் மருந்தை ஒரு பிள்ளை வேண்டுமென்றே தவிர்க்குமா? தவிர்க்கிறது!

காரணம் யார்?

நோய் கண்டுபிடிக்கப்படும் முன் உடல் மெலிகிறது. இன்சுலின் தொடங்கியதும் இழந்த எடை திரும்புகிறது. உடனே உறவினர் வாய் சும்மா இருப்பதில்லை. "என்ன, குண்டாகி விட்டாயே?" என்கிறார்கள். வீட்டிலோ சோற்றுக்கும் பழத்துக்கும் ஓயாத கணக்கு. ஒரு பண்டத்தை எடுத்தால் பத்துக் கண்கள் முறைக்கின்றன. கடைசியில் அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடே பகையாகி விடுகிறது. சிலர் பட்டினி கிடக்கிறார்கள். சிலர் ஒளிந்து அளவில்லாமல் தின்றுவிட்டு வேதனைப்படுகிறார்கள். சிலர் இன்சுலினைக் குறைக்கிறார்கள். இதைத் திமிர் என்று அடிக்காதீர்கள். மருத்துவம் இதை உணவுக் கோளாறு என்னும் மனநோயாகக் காண்கிறது. பெண் பிள்ளைகளிடம் இது அதிகம். ஆண் பிள்ளைகளுக்கும் வரும்.

கனடாவில் 12 முதல் 19 வயதுப் பெண்களிடம் நடத்தி 2000-இல் வெளியான ஆய்வில், முதல் வகை நோயுள்ளவர்களில் 10 சதவீதம் பேருக்கு உணவுக் கோளாறு இருந்தது. நோயில்லாதவர்களில் 4 சதவீதம்தான். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 234 பெண்களை 11 ஆண்டுகள் கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கொடியது. இன்சுலினைக் குறைத்ததாகச் சொன்னவர்களுக்கு மரண ஆபத்து மூன்று மடங்கு. அவர்களில் இறந்தோரின் சராசரி வயது 45. குறைக்காதவர்களில் இறந்தோருக்கு 58. கண் பார்வையும் சிறுநீரகமும் கெடுவது தனி.

மறைப்பதால் வரும் கேடு

பெற்றோர்களே! மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்று மகளின் நோயை மறைக்கிறீர்கள். விருந்து வீட்டில் எல்லோர் முன்னும் ஊசி போடாதே என்கிறீர்கள். இன்சுலின் வெட்கப்பட வேண்டிய பொருள் என்று அவளுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? பிரிட்டனின் தெரசா மே, தமக்கு இந்நோய் இருப்பதை நாடே அறிய, 2016 முதல் 2019 வரை பிரதமராக இருந்தார். நாமோ பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்கிறோம்!

ரமலான் மாதத்தில் கூடுதல் கவனம் தேவை. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதைத் திருக்குர்ஆன் இரண்டாவது அத்தியாயத்தின் 184, 185 வசனங்களில் தெளிவாக்கி விட்டது. டாக்டரைக் கேட்காமல் நோன்பு வைப்பதும், நோன்பைச் சாக்காக வைத்துச் சாப்பாட்டையும் இன்சுலினையும் விடுவதும் உயிரோடு விளையாடுவதாகும்.

செய்ய வேண்டியது

மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போகிறதா? எடை குறைகிறதா? வாங்கிய இன்சுலின் தீராமல் கிடக்கிறதா? குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடப் பிள்ளை மறுக்கிறதா? மிரட்டாமல் விசாரியுங்கள். சர்க்கரை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். வாந்தி, வயிற்றுவலி, வேக மூச்சு கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

சர்க்கரை டாக்டர் ஒரு பக்கமும் மனநல டாக்டர் மறுபக்கமும் நிற்க, நோயாளி நடுவில் விழுகிறார் என்று பிரிட்டன் எம்.பி.க்கள் குழுவின் 2024 அறிக்கை எச்சரித்தது. நம் ஊர்களில் சர்க்கரைப் பரிசோதனை முகாம்கள் நடத்தும் வணிகர்களும் வாலிபர்களும் இதை மனதில் கொள்ள வேண்டும். அடுத்த முகாமில் இளம் நோயாளிகளுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். மனநல மருத்துவர் ஒருவரையும் அழைத்து உட்கார வையுங்கள். ஏழைப் பிள்ளையின் இன்சுலின் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். நோயாளிப் பிள்ளையின் உடம்பைப் பற்றிக் கேலி பேசுவதை இன்றோடு நிறுத்துங்கள்.