எண்ணெய் டின்னுக்கு இரண்டு ஓட்டை



சென்ற இதழில் மிக்ஸி ஜாரின் பிளேடு இறுகிப்போனால் என்ன செய்வது என்று எழுதியிருந்தேன். இந்தத் தடவை மோட்டார் சைக்கிள். "பெண்கள் பத்திரிகையில் மோட்டார் சைக்கிள் ரிப்பேரா!" என்று மூக்கின்மேல் விரல் வைக்காதீர்கள். வண்டி ஓட்டுவது ஆண்பிள்ளையாகவே இருக்கட்டும். அது நடுவழியில் நின்றுபோனால், ராத்திரி வேளையில் வாசற்படியில் நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பது யார்? நாம்தானே!

எங்கள் வீட்டில் ஒரு பழைய புல்லட் இருக்கிறது. 1984இல் என் மாமனார் பணம் கட்டிக் காத்திருந்து வாங்கியது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும் அந்தக் காலத்து வண்டி. 1955இல் இங்கிலாந்துக் கம்பெனியும் சென்னையிலிருந்த மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்த தொழில் இது. திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்தார்கள். தாய்க் கம்பெனியை இங்கிலாந்தில் மூடிவிட்டார்கள். பிள்ளை நம் ஊரில் பிழைத்துக்கொண்டது. அதனால்தானோ என்னவோ, நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்த வண்டியின்மேல் ஒரு தனிப் பாசம்.

மாமனார் அதில்தான் நகரி, பள்ளிப்பட்டு, சோளிங்கர் என்று நூல் வியாபாரத்துக்குச் சுற்றினார். இரண்டு வருஷம் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிவிட்டது. இப்போது கூடத்து ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறார். வியாபாரத்தையும் வண்டியையும் என் கணவர் பார்த்துக்கொள்கிறார்.

போன ஆயுத பூஜைக்குப் பிறகு வண்டிக்கு ஒரு வியாதி வந்தது. காலையில் ஒரே உதையில் கிளம்பும். ஊரைத் தாண்டி ஏழெட்டுக் கிலோமீட்டர் போனதும் இருமும், திணறும், நின்றுவிடும். இவர் இருபது தடவை உதைப்பார். பிளக்கைக் கழற்றித் துடைப்பார். டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார். மறுபடி உதைத்தால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பிவிடும். "பிளக்கில்தான் கோளாறு" என்று புது பிளக் வாங்கிப் போட்டார். இன்னும் ஏழெட்டுக் கிலோமீட்டர், திரும்ப அதே கதை.

பட்டறைக்குப் போயிற்று. பாயின்ட் மாற்றினார்கள், கண்டென்சர் மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவி மாட்டினார்கள். இரண்டு மாதத்தில் 3,400 ரூபாய். பட்டறை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் குதிரை மாதிரி ஓடும். மேற்கே நகரி ரோட்டைப் பிடித்தால் பழையபடி மக்கர். மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. சூடானதும் நின்று, ஆறினதும் கிளம்பினால் கண்டென்சர்தான் என்று யாரும் முதலில் நினைப்பார்கள்.

கார்த்திகை மாதம், நல்ல மழை. ராத்திரி 11.40 மணிக்கு இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். துணி மூட்டை நனைந்து, காலில் செருப்பு அறுந்து, முகம் கறுத்துப் போயிருந்தது. மாமனார் தூங்காமல் விழித்திருந்தார். இடது கையால் வாசலைக் காட்டி, "காலி... காலி..." என்றார். வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியதிலிருந்தே அவர் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். விரலை மூடியைத் திருகுவது போலச் சுழற்றுவார், "காலி" என்பார்.

இவருக்கு அன்று பொறுமை போய்விட்டது. "நைனா, டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கு! காலி இல்லே, காலி இல்லேன்னு எத்தனை வாட்டி சொல்றது? தெரியாத விஷயத்துல சும்மா இரு" என்று கத்திவிட்டார். மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் என்ன பண்ணினேன்? "தூங்குங்க மாமா" என்று போர்வையை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு சுருக்கென்கிறது.

மறுநாளே வண்டியை விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. அரக்கோணத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்து விலை பேசினார். வெள்ளிக்கிழமை முன்பணத்தோடு வருவதாகச் சொல்லிப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அடுப்படியில் ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னை உடைத்தேன். ஆணி வைத்து ஓர் ஓட்டை போட்டுச் சாய்த்தேன். கொஞ்சம் வந்தது, 'களக் களக்' என்றது, நின்றுவிட்டது. நமக்குத் தெரியாததா? எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டேன். காற்று உள்ளே போனது, எண்ணெய் நூல் பிடித்த மாதிரி விழுந்தது.

கையில் டின்னோடு அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் ஊர் ஆந்திர எல்லையோரம். 1960 வரை சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர். மாமனாருக்குத் தாய்மொழி தெலுங்கு. நோய் வந்த பிறகு வாயில் வரும் நாலு வார்த்தையில் மூன்று தெலுங்குதான். தெலுங்கில் 'காலி' என்றால் காற்று! டேங்க் காலி என்று அவர் சொல்லவே இல்லை. "காற்று, காற்று" என்று, மூடியைக் காட்டிக் காட்டி, இரண்டு மாதமாகச் சொல்லியிருக்கிறார். பெட்ரோல் நினைப்பிலேயே இருந்த நாங்கள் தமிழாக்கி எடுத்துக்கொண்டோம்.

வாசலுக்கு ஓடினேன். பெட்ரோல் டேங்க் மூடியில் ஊசிமுனை அளவு ஒரு துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். அந்தத் துளையைக் காணோம். ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம், அதன்மேல் வெள்ளிக்கிழமைதோறும் வைத்த சந்தனம், குங்குமம் எல்லாம் காய்ந்து கல்லாகியிருந்தன. வைத்தது யார்? சாட்சாத் நான்தான்! வண்டி மக்கர் பண்ணப் பண்ண, முருகனை வேண்டிக்கொண்டு சந்தனத்தை இன்னும் கனமாகத் தடவியிருக்கிறேன்.

மறுநாள் காலையில், வாங்க வருகிறவர் வருவதற்கு முன், இவரை இழுத்து வைத்துப் பரீட்சை பண்ணினோம். வாசல் திறந்தவெளியில் நிறுத்தி, ஆறின எஞ்சினில், கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டோம். பெட்ரோல் நன்றாக விழுந்தது, பிறகு மெலிந்தது, சொட்டுச் சொட்டாகி நின்றது. மூடியைத் திருகியதும் 'புஸ்' என்று ஒரு சத்தம். உடனே பெட்ரோல் சரசரவென்று விழ ஆரம்பித்தது. இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன்.

வழியில் நின்றபோதெல்லாம் கிளம்ப வைத்தது பிளக்கைத் துடைத்தது அல்ல, மூடியைத் திறந்து பார்த்ததுதான். இரண்டையும் சேர்த்துச் செய்ததால் எது மருந்து என்று தெரியாமல் போயிற்று. பட்டறையில் பெட்ரோல் பார்க்க மூடியைத் திறந்திருப்பார்கள், கிட்ட தூரம்தான் ஓட்டியிருப்பார்கள். அதனால் அங்கே நோய் தெரியவில்லை. டேங்க் நிறையப் போட்ட நாளில் சீக்கிரமே நின்றதற்கும் காரணம் இதுதான். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் கொஞ்சம். அந்தக் கொஞ்சக் காற்று சீக்கிரம் இளைத்துவிடும், பெட்ரோலை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

மூடியைத் தனியே எடுத்து, டேங்க் வாயைத் துணியால் மூடிவிட்டு, வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். மெல்லிய ஊசியால் துளையை நீவி, நன்றாக உலர்த்தி மாட்டினோம். செலவு காலணா இல்லை. இவர் நகரி போய்த் திரும்பினார். ஓரிடத்திலும் நிற்கவில்லை. முன்பணத்தோடு வந்தவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

மாமனாரிடம் போய், "மாமா, நீங்க சொன்னது காத்தா?" என்று கேட்டேன். கண்ணை மூடித் திறந்து தலையாட்டினார். ஓரமாகக் கண்ணீர் வழிந்தது. இவர் கட்டிலடியில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

சகோதரிகளே, பக்கவாதத்தில் பேச்சு போனால் அறிவும் போய்விட்டதாக நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அப்படியில்லை. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கும், வார்த்தை மட்டும் கிடைக்காது. அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். நீங்களே வாக்கியத்தை முடித்துவிடாதீர்கள். 'ஆமாம், இல்லை' என்று தலையாட்டும்படி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கையால் காட்டச் சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், டாக்டரிடம் கேட்டு அனுப்புங்கள். திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ கை வைத்தியம் பார்த்து நேரம் போக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

இனி, பழைய வண்டி நின்றுபோனால் பார்க்க வேண்டிய வரிசை. எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள்:

1. ஒரு தடவைக்கு ஒரே ஒரு காரியம். செய்ததும் உதைத்துப் பாருங்கள். இரண்டை ஒன்றாகச் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

2. டேங்க்கில் பெட்ரோல் இருக்கிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூடியைத் திறந்ததும் 'புஸ்' சத்தம் வந்து வண்டி கிளம்பினால் காற்றுத் துளை அடைப்பு. திறந்த பிறகும் பெட்ரோல் மெலிந்தே விழுந்தால் குழாயின் வடிகட்டியில் அழுக்கு.

3. நின்ற உடனே பிளக்கைக் கழற்றினால் சேதி சொல்லும். சுடும், துணி பிடித்துக் கழற்ற வேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் சரியில்லை. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை.

4. பிளக் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எஞ்சின் ஆரோக்கியம். கரி பிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே கசிகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் பற்றாமல் சூடேறுகிறது.

5. பாயின்ட் இருக்கும் பழைய வண்டிகளில் இடைவெளி தேய்ந்து மாறும். எங்கள் வண்டிக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அளக்கும் தகடு கடையில் கிடைக்கும்.

6. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். 2025 முதல் நாட்டில் பரவலாக 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், வாஷர் அதற்காகச் செய்தவை அல்ல. விரிசலோ கசிவோ இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்து மாற்றுங்கள்.

7. மூடித் துளையைப் பெரிதாக்காதீர்கள், மழைத் தண்ணீர் இறங்கும். புது வண்டிகளில் காற்றுக்கு வேறு குழாய் ஏற்பாடு இருக்கிறது, அவற்றில் நாம் கைவைக்க வேண்டாம்.

முக்கியமான எச்சரிக்கை நம் பிள்ளைகளைப் பற்றி. பெட்ரோல் வேலை திறந்தவெளியில்தான். பக்கத்தில் அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது. மூடிய நடையிலோ அறையிலோ எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் வாசனை தெரியாத விஷ வாயு உண்டு. வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கவே கூடாது. மண்ணெண்ணெய், பெட்ரோலைக் கலர் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரும்பி வரும்போது நுரையீரலில் போய்விட்டால் அதுதான் பெரிய ஆபத்து. உப்புத் தண்ணீர், பால் எதுவும் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

பின்னால் உட்காரும் நமக்கும் ஒரு வார்த்தை. பழைய வண்டியில் புடவைக் காவல் தகடு ஆடிக்கொண்டிருந்தால் முறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். பின்சக்கரத்தின் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்பது 1989ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதி. முந்தானையைச் சொருகிக்கொண்டு ஏறுங்கள், ஹெல்மெட்டையும் மறக்காதீர்கள்.

இப்போதும் வெள்ளிக்கிழமை வண்டிக்குச் சந்தனம் வைக்கிறேன். முன் மட்கார்டில் மட்டும்! வண்டி வாசலில் வந்து நின்றதும் மாமனார் சத்தத்தைக் கேட்டுவிட்டு இடது கையைத் தூக்கிக் காட்டுவார். 'சரியாக இருக்கிறது' என்று அர்த்தம். அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

அடுத்த இதழில் தையல் மெஷின் நூல் அறுப்பது ஏன் என்று பார்ப்போம்.