கண்ணுக்குள் போடும் ஊசி: காப்பீடு கை கொடுக்கிறதா?

காட்டுப்பள்ளியில் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை என்று பெரிய நிறுவனங்கள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் அத்திப்பட்டு அனல்மின் நிலையம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். பழவேற்காடு, மீஞ்சூர், பொன்னேரி பகுதிகளிலிருந்து நம் பிள்ளைகள் பலர் இங்கே வேலைக்குப் போகிறார்கள். பெரும்பாலும் ஒப்பந்த வேலை.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில், பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள தாயாருக்குப் பார்வை மங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதித்த மருத்துவர், "விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும்" என்கிறார். ஒரு ஊசியோடு முடியாது. தொடக்கத்தில் மாதம் ஒன்று, முதல் ஆண்டில் எட்டு அல்லது பத்து கூடத் தேவைப்படலாம். குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் கிடைக்குமா?" என்பதுதான்.

இது ஏதோ ஒரு வீட்டின் பிரச்சினை அல்ல. 2023ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு இந்நோய் உண்டு. இவர்களில் ஒரு பகுதியினருக்கு விழித்திரை பாதிக்கப்படுகிறது. வலி இருக்காது என்பதால் பார்வை குறைந்த பிறகுதான் பலருக்கும் தெரிய வருகிறது.

ஒரே வேலை, பல விலை

விழித்திரையில் கோளாறான இரத்தக் குழாய்கள் முளைப்பதையும் கசிவதையும் தூண்டும் ஒரு புரதத்தை இந்த ஊசி மருந்துகள் தடுக்கின்றன. பெவசிசுமாப் (அவாஸ்டின்), ரானிபிசுமாப் (லூசென்டிஸ், இந்தியாவில் அக்சென்ட்ரிக்ஸ்), அஃப்லிபெர்செப்ட் (ஐலியா) ஆகியவை முக்கியமானவை.

அவாஸ்டின் புற்றுநோய்க்காக அனுமதி பெற்ற மருந்து. அதன் ஒரு குப்பியிலிருந்து பல கண்களுக்கான சிறு அளவுகளைப் பிரித்தெடுக்கலாம். அதனால் அமெரிக்காவில் லூசென்டிஸ் ஊசி சுமார் 2,000 டாலராக இருந்தபோது, அவாஸ்டின் ஊசி 50 டாலர் அளவில் கிடைத்தது. 2011ல் வந்த அமெரிக்க அரசு நிதியிலான ஆய்வு, முதுமையில் வரும் விழித்திரை நோய்க்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன் தருவதாகக் கண்டது. 2013ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கண் சிகிச்சைக்காக பெவசிசுமாப்பைச் சேர்த்தது. 2014ல் இத்தாலியின் போட்டி ஆணையம், மலிவான மருந்தைவிட விலை உயர்ந்ததன் பக்கம் நோயாளிகளைத் திருப்பக் கூட்டுச் சேர்ந்ததாகக் கூறி ரோச், நோவார்டிஸ் நிறுவனங்களுக்கு 18 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்தது.

ஆனால் மலிவு என்பது மட்டும் போதாது. குப்பியைப் பிரிக்கும்போது தூய்மை தவறினால் கண்ணே பறிபோகும். 2016 ஜனவரியில், குஜராத்தில் இந்த ஊசிக்குப் பின் நோயாளிகளுக்குக் கண் பாதிப்பு ஏற்பட்டதை அடுத்து, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்தது. கண் மருத்துவர்கள் முறையிட்டதும் சில வாரங்களில் அது விலக்கப்பட்டது. 2015 முதல் ராசுமாப் போன்ற இந்தியத் தயாரிப்பு ரானிபிசுமாப்களும் இடைப்பட்ட விலையில் கிடைக்கின்றன. எனவே மருத்துவரிடம், "இதற்கு மலிவான மாற்று உண்டா? அதை இங்கே எப்படிப் பிரித்தெடுக்கிறீர்கள்?" என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

தனியார் பாலிசியில் எங்கே சிக்குகிறது?

2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐஆர்டிஏஐ) 12 நவீன சிகிச்சைகளைப் பட்டியலிட்டு, இவற்றை மருத்துவ பாலிசிகளில் விலக்கக் கூடாது என்றது. கண்ணுக்குள் போடும் ஊசி அதில் ஒன்று. ஆனாலும் பணம் வருவதற்கு மூன்று தடைகள் உண்டு.

முதலாவது, உச்சவரம்பு. விலக்கக் கூடாது என்ற ஆணையம், வரம்பு வைக்க அனுமதித்துள்ளது. அடிப்படை பாலிசியான 'ஆரோக்கிய சஞ்சீவனி'யில் இந்தப் பட்டியல் சிகிச்சைகளுக்குக் காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம் வரைதான். வேறு பாலிசிகளில் இன்னும் குறைவாக இருக்கலாம்.

இரண்டாவது, "வெளிநோயாளி சிகிச்சை" என்ற மறுப்பு. ஊசி போட்டுச் சற்று நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். உள்நோயாளியாக 24 மணி நேரம் தங்கவில்லை என்று நிறுவனங்கள் கைவிரிக்கின்றன. ஆனால் தொழில்நுட்பம் வளர்ந்ததால் ஒரே நாளில் முடியும் சிகிச்சைகளுக்கு 'டே கேர்' என்ற பிரிவு பாலிசியிலேயே உண்டு. ஆபரேஷன் தியேட்டரில், மரத்துப்போகும் மருந்து கொடுத்துப் போடப்படும் ஊசி அந்தப் பிரிவில் வர வேண்டும் என்பதே நம் வாதமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, பாலிசி எடுக்கும்போது சர்க்கரை நோயை மறைப்பது. பிரீமியம் கூடுமே என்று மறைத்தால் முழு கிளைமும் நிராகரிக்கப்படலாம். மறைப்பது பொய் என்பது ஒருபுறம், அது நட்டமும்கூட. 2024 முதல், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான். உண்மையைச் சொல்லிக் காத்திருப்பதே மேல். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

கையில் இருக்கும் இஎஸ்ஐ

காப்பீடு கூடுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை அறிவோம். அதனால் தனியார் பாலிசி பக்கம் போகாத குடும்பங்கள் நம்மில் உண்டு. ஆனால் தொழிலாளிக்குச் சட்டமே தரும் உரிமையான இஎஸ்ஐ பற்றியும் நாம் அலட்சியமாக இருக்கிறோம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. ஓவர்டைம் கூலி இந்த வரம்புக் கணக்கில் சேராது. தொழிலாளி 0.75 சதவீதம், நிறுவனம் 3.25 சதவீதம் செலுத்த வேண்டும். ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டாலும் முதன்மை நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. தொழிலாளியைச் சார்ந்து வாழும், மாத வருமானம் 9,000 ரூபாய்க்கு மிகாத பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. ஆனால் அவர்கள் பெயர் குடும்ப விவரத்தில் பதிவாகியிருக்க வேண்டும். மனைவி மக்கள் பெயரைச் சேர்த்தவர்கள், தாய் தந்தை பெயரைச் சேர்த்தோமா என்று இன்றே பாருங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. கண் ஊசி தங்கள் மருத்துவமனையில் இத்திட்டத்தின் கீழ் வருமா என்பதை முன்கூட்டியே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ள வேண்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819ல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. மீஞ்சூரிலிருந்து ரயிலேறிப் போய்வர ஒரு நாள் கூலி போகும். ஊசியைப் பாதியில் நிறுத்தினால் பார்வை போகும். எது பெரிது?

மறுத்தால் என்ன செய்வது?

ஊசிக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். மருத்துவரின் பரிந்துரை, விழித்திரை ஸ்கேன், தியேட்டர் குறிப்பு, டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்தின் பில், குப்பியின் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுக்க வேண்டும். அவர்கள் நிராகரித்தாலோ ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம்.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்குண்டு. பைத்துல் மால் நிதியிலிருந்து ஒரு ஊசிக்கு உதவுவது நல்லதுதான். ஆனால் ஒன்பது ஊசி தேவைப்படுபவருக்கு ஒன்றோடு கை கழுவினால் அந்த ஒன்றும் வீணாகலாம். முழுச் சிகிச்சைக்கும் கணக்குப் போட்டு உதவுங்கள். படித்த இளைஞர்கள் இருவர் மாதம் ஒரு நாள் பள்ளிவாசலில் அமர்ந்து இஎஸ்ஐ, முதலமைச்சர் காப்பீட்டுப் பதிவுகளைச் சரிபார்த்துக் கொடுத்தாலே பல வீடுகள் கடனிலிருந்து தப்பும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும் பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். விழித்திரையில் இழந்த பார்வையை முழுதாக மீட்பது அரிது. இருப்பதைக் காப்பாற்ற வழி இருக்கிறது. அந்த வழி தெரியாமல் நம் வீடுகளில் யாரும் பார்வை இழக்கக் கூடாது.