மேகத்துக்குள் ஒரு வியாபாரம்

"மகன் பொழுதெல்லாம் கொம்பியூட்டரில் விமானம் ஓட்டுகிறான். இதனால் ஐந்து சதத்துக்குப் பிரயோசனம் உண்டா?" என்று அண்மையில் திருகோணமலைக் கடைத்தெருவில் நண்பர் ஒருவர் என்னிடம் சலித்துக்கொண்டார். சீனக்குடா விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்களை அண்ணாந்து பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இந்த ஆசை வருவது புதினமல்ல. நண்பரின் கேள்வியும் நியாயமானதே. ஆனால், அந்த விளையாட்டுக்குள் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது.

வாடைக்காலத்தில் கொட்டியாரக் குடாவுக்கு மேல் மேகம் திரள்வதைத் தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சுப்பொதி போலத்தான் தெரியும். உள்ளே நிலைமை வேறு. ஈரக்காற்று மேலெழுந்து நீர்த்துளியாகும்போது வெப்பம் வெளியாகி, காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. பக்கத்திலேயே குளிர்ந்த காற்று கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே புகும் விமானம் குலுங்குகிறது. 2024 மே 21 இல் லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் எயர்லைன்ஸ் விமானம் மியன்மார் வான்பரப்பில் கடுமையாகக் குலுங்கியபோது ஒரு பயணி உயிரிழந்தார். இடிமேகங்கள் உருவாகும் பகுதிக்கு மேலாக அது பறந்திருக்கலாம் என ஆரம்ப அறிக்கை கூறியது.

இதைக் கணனியில் கொண்டுவருவது இலேசான காரியமல்ல. ஒவ்வொரு காற்றுச் சுழியையும் கணக்கிட வீட்டுக் கணனிக்குச் சக்தி போதாது. கண்டபடி உலுக்கினால், குண்டும் குழியுமான வீதியில் முச்சக்கர வண்டி ஓடுவது போலாகிவிடும். சிறு அசைவையும் பெரு அசைவையும் எந்த அளவில் கலப்பது என்பதற்கு டிரைடன், வொன் கார்மன் ஆகியோரின் பெயரால் வழங்கும் கணித முறைகள் உள்ளன. ஒரே மேகத்தில் சிறிய செஸ்னா தூக்கி எறியப்பட வேண்டும். பெரிய போயிங் அசைந்து கொடுத்தால் போதும்.

மைக்ரோசொப்டின் 'பிளைட் சிமியூலேட்டர்' 1982 இல் வந்தது. மேகம் பார்வைக்கு அழகு, உள்ளே நுழைந்தால் உயிரில்லை என்பது பின்னாளில் பல வாடிக்கையாளர்களின் மனக்குறை. அதைக் காதில் வாங்கியவர்கள் சிறு நிறுவனத்தினர். 'அக்டிவ் ஸ்கை' போன்ற காலநிலை மென்பொருள்களைத் தனியே எழுதி விற்றார்கள். 2009 இல் மைக்ரோசொப்ட் அந்த விளையாட்டை உருவாக்கிய குழுவையே கலைத்தது. சிறியவர்களின் வியாபாரமோ நிற்கவில்லை. 2020 இல் மைக்ரோசொப்ட் புதிய பதிப்புடன் திரும்பி வந்தபோது, வானிலைத் தரவுக்காக சுவிட்சர்லாந்தின் 'மீட்டியோபுளூ' என்ற நிறுவனத்துடன்தான் கைகோர்த்தது.

முதலாளி பெரியவர் என்பதற்காக அவருடைய சரக்கில் குறையே இராது என்றில்லை. அந்தக் குறையில்தான் சிறியவனுக்கு இடம் இருக்கிறது. நாமோ குறை சொல்லும் வாடிக்கையாளரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: கணனியைப் பூட்டி வைக்காதீர்கள். விளையாட்டுக்கு ஒரு நேரம் வகுத்துக் கொடுங்கள். பிறகு, "இந்த மேகத்தில் என்ன குறை?" என்று மகனிடம் கேளுங்கள். அவன் பதில் சொன்னால், கணிதமும் மென்பொருளும் படிக்க வழி செய்யுங்கள். இந்தத் தொழிலுக்குக் களஞ்சியமும் வேண்டாம், கப்பல் கூலியும் வேண்டாம். எல்லோரும் வெல்வார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குறையைக் கண்டு முணுமுணுப்பவன் வாடிக்கையாளனாகவே இருந்துவிடுவான். அதைத் தீர்த்துக் கொடுப்பவனே வியாபாரி.