ராஜன் எங்கே சார்?

'காணவில்லை' விளம்பரங்களை விழுந்து விழுந்து படிக்கிற கோஷ்டியைச் சேர்ந்தவன் நான். முன்பெல்லாம் பேப்பரில் சிறிய கட்டம் கட்டி வரும். மாநிறம், ஒல்லியான தேகம், கோடு போட்ட முழுக்கைச் சட்டை, வலது புருவத்தில் தழும்பு. கீழே உருக்கமாக, "அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள். யாரும் திட்டமாட்டார்கள். உடனே வரவும்." ப்ளஸ் டூவில் கோட் அடித்தவன், கடை கல்லாவில் கை வைத்தவன், சினிமாவில் சேர கோடம்பாக்கம் போனவன் என்று முக்கால்வாசிப் பேர் பத்து நாளில் இளைத்துப் போய் வந்து சேர்ந்துவிடுவார்கள். அப்பா திட்டமாட்டார் என்பது மட்டும் பொய்யாக இருக்கும்!

நான் சொல்லப்போகிற பையனுக்கு அப்படி ஒரு விளம்பரம் கூடப் போட முடியவில்லை. ஏனென்றால் அவனைக் கூட்டிக்கொண்டு போனது யார் என்று அப்பாவுக்குத் தெரியும். போலீஸ். போலீஸோ, "யார் ராஜன்? நாங்க பாக்கவே இல்லையே" என்றது.

ஊர் கோழிக்கோடு. 1976. எமர்ஜென்ஸி நடந்துகொண்டிருந்த காலம். பிப்ரவரி 28-ம் தேதி காயண்ணா என்ற இடத்தில் போலீஸ் ஸ்டேஷனை நக்சலைட்டுகள் தாக்கினார்கள். மறுநாளே வேட்டை ஆரம்பம். சாத்தமங்கலத்தில் இருந்த ரீஜினல் இன்ஜினியரிங் காலேஜுக்குள் போலீஸ் நுழைந்து, மார்ச் 1-ம் தேதி காலையில் ராஜன் என்கிற கடைசி வருஷ மாணவனைப் பிடித்தது. பையன் நன்றாகப் பாடுவான். ஃபாரூக் காலேஜில் நடந்த யுனிவர்சிட்டி கலைவிழாவுக்குப் போய்விட்டு அப்போதுதான் ஹாஸ்டலுக்குத் திரும்பியிருந்தான்.

தாக்கினவர்கள் கூட்டத்தில் 'ராஜன்' என்று யாரோ யாரையோ கூப்பிட்டது காதில் விழுந்ததாம், அந்தப் பெயரை வைத்துத்தான் இவனைத் தூக்கினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கேரளாவில் 'ராஜன்' என்று கூப்பிட்டால் ஒரு பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவ்வளவு ஏன், அன்றைக்குக் கேரள போலீஸுக்கே தலைவராக இருந்த ஐ.ஜி.யின் பெயர் வி.என்.ராஜன்!

அப்பா ஈச்சர வாரியர். கோழிக்கோடு அரசு கலைக்கல்லூரியில் ஹிந்தி வாத்தியார். காலேஜ் முதல்வர் பகாவுதீன், "உங்கள் மகனை போலீஸ் பிடித்துப் போயிருக்கிறது" என்று அவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினார். இதை நாம் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும் சார். எமர்ஜென்ஸி காலத்தில் 'போலீஸ்தான் பிடித்தது' என்று கையெழுத்துப் போட்டு, தபாலாபீஸ் முத்திரையோடு அனுப்ப எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? நம் ஆபீஸில் ஒரு சர்க்குலர் வந்தாலே "கண்டேன்" என்று இனிஷியல் போட யோசிக்கிறோம். நான் பி.காம். படித்தவன். வவுச்சர் இல்லாத என்ட்ரியை நம்பாதே என்று மூன்று வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கதையில் முதல் வவுச்சர் அந்தக் கடிதம்தான்.

வாரியர் அலைய ஆரம்பித்தார். உள்துறை மந்திரி கருணாகரனைப் போய்ப் பார்த்தார். உள்துறைச் செயலாளருக்கு மனு மேல் மனு. பதில் இல்லை. ஜனாதிபதிக்கு மனு. எம்.பி.க்களுக்கு மனு. முதலமைச்சர் அச்சுத மேனனைப் பார்த்தபோது, "உங்க பையனைத் தேடி நான் போலீஸ் ஸ்டேஷன் ஸ்டேஷனா அலையணுமா?" என்கிற தினுசில் அவர் அலுத்துக்கொண்டதாக வாரியரே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். ஆளைக் கொண்டுவந்து காட்டு என்று கேட்கிற ஆட்கொணர்வு மனு, அதாவது ஹேபியஸ் கார்பஸ், எதற்கு இருக்கிறது? இருந்தது சார். ஆனால் 1976 ஏப்ரல் 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டே, எமர்ஜென்ஸியில் அந்த மனு செல்லாது என்று சொல்லிவிட்டது. ஐந்து நீதிபதிகளில் முடியாது என்று மறுத்து எழுதியவர் ஹெச்.ஆர்.கன்னா ஒருத்தர்தான். (அந்தத் தீர்ப்பு தப்பு என்று அதே சுப்ரீம் கோர்ட் 2017-ல் தூக்கிப் போட்டது. நாற்பத்தோரு வருஷம் கழித்து!)

1977 மார்ச் 21-ல் எமர்ஜென்ஸி போயிற்று. அந்த மாதமே வாரியர் கேரள ஹைகோர்ட்டில் மனுப் போட்டார். கருணாகரன் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதே மார்ச் கடைசியில்தான். சினிமாவில் இப்படி வைத்தால், "டைரக்டர் ரொம்பத்தான் இழுக்கிறார்" என்போம்.

அரசாங்கத் தரப்பு சத்தியம் செய்து சொன்னது: ராஜனை நாங்கள் பிடிக்கவே இல்லை. முதல்வர் பகாவுதீன் சாட்சி சொன்னார். ஹாஸ்டல் பையன்கள் சொன்னார்கள். கக்கயம் போலீஸ் முகாமில் ராஜனைக் கண்ணால் பார்த்தவர்கள் சொன்னார்கள். நீதிபதிகள் சுப்ரமணியன் போற்றியும் காலித்தும் ஏப்ரல் 13-ம் தேதி, ராஜன் போலீஸ் பிடியில் இருந்தது உண்மை, 21-ம் தேதி கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று உத்தரவு போட்டார்கள்.

நிறுத்த ஆள் எங்கே? கருணாகரன் ஒரே மாசத்தில் ராஜினாமா செய்தார். பிறகு அரசாங்கமே ஒப்புக்கொண்டது. பிடித்த மறுநாளே, 1976 மார்ச் 2-ம் தேதி, கக்கயம் முகாமில் சித்திரவதையில் ராஜன் செத்துப்போனான்.

அந்தச் சித்திரவதைக்கு அங்கே 'உருட்டல்' என்று பெயர். பெஞ்சில் படுக்கவைத்துக் கட்டி, தொடை மேல் கனமான உலக்கையை வைத்து உருட்டுவார்கள். நம் வீட்டில் அரிசி மாவு இடிக்கிற அதே உலக்கை. இதற்கு மேல் எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

ஆக, அப்பா ஒரு வருஷமாக மனு எழுதிக்கொண்டே இருந்தது, முதல் மனு போவதற்கு முன்பே இல்லாமல் போன பையனுக்காக. வாங்கினவர்கள் அத்தனை பேருமா தெரியாமல் வாங்கினார்கள்?

சரி, உடல்? அதுதான் இன்றுவரை இல்லை. எரித்தார்கள் என்றார்கள். அருவியில் போட்டார்கள் என்றார்கள். ஆளாளுக்கு ஒன்று. ஒரு எலும்புத் துண்டு கூட அந்த அப்பா கையில் வரவில்லை.

அக்கவுன்டன்சியில் 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று ஒரு சமாசாரம் உண்டு. வரவும் செலவும் இடிக்கும்போது, இடிக்கிற தொகையைத் தூக்கி அதில் போட்டுவிட்டு, தப்பு அகப்பட்டதும் சரி செய்துகொள்ளலாம் என்று மூடி வைப்போம். அதை அடுத்த வருஷத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் ஆடிட்டர் தொலைத்துவிடுவார். இந்த ஒரு கணக்கு மட்டும் 1976-லிருந்து வருஷா வருஷம் அப்படியே முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. கேட்க ஆடிட்டர் இல்லை.

கேஸ் என்ன ஆச்சு? முகாமை நடத்திய டி.ஐ.ஜி. ஜெயராம் படிக்கலுக்குக் கீழ்க்கோர்ட்டில் தண்டனை. அப்பீலில் விடுதலை. பின்னாளில் அவர் கேரள டி.ஜி.பி.யாகவே ஆனார். கருணாகரனும் மறுபடி முதலமைச்சரானார். ஒரு தடவை அல்ல, பல தடவை. எல்லோருக்கும் பிரமோஷன்!

அம்மா ராதாவிடம் ரொம்ப நாள் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. மனசு கலங்கிப்போய், மகன் எங்கே என்று கேட்டபடியே இருந்து 2000-ல் இறந்தார். தினமும் வீட்டுக்கு வந்து அந்தக் கேள்விக்கு ஒரு பொய் சொல்ல வேண்டிய வேலை வாரியருக்கு. ஹைகோர்ட்டையே ஜெயித்தவருக்கு வீட்டுக்குள் வாயைத் திறக்க முடியவில்லை.

ஷாஜி கருணின் 'பிறவி' (1988) படத்தைத் தூண்டியது இந்தக் கதைதான். கான் பட விழாவில் பாராட்டு வாங்கியது. அப்பாவாக நடித்த பிரேம்ஜிக்கு தேசிய விருது. மகன் வருவான் என்று கிழவர் காத்துக்கொண்டே இருப்பார். மழை வேறு விடாமல் பெய்யும். சண்டை, டூயட் எதுவும் கிடையாது. பாதியில் எழுந்து டீ குடிக்கப் போகலாம் என்று யாருக்காவது தோன்றினால் அவர் மனசு கல்.

நிஜ வாரியர் எழுதிய புத்தகம் அதைவிட மோசம். மோசம் என்றால், ராத்திரி தூக்கம் போய்விடும். கேரள சாகித்ய அகாடமி விருது வாங்கிய புத்தகம். தமிழிலும் வந்திருக்கிறது. அதில் கோர்ட், மந்திரி எல்லாவற்றையும் தாண்டி என்னைப் பிடித்துக்கொண்டது சோறுதான். பையன் எந்த ராத்திரியிலும் பசியோடு வந்து நிற்கலாம், அவனுக்கும் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். வாசலில் நாய் காரணமில்லாமல் குரைத்தால், அப்பா என்று கூப்பிடுகிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாராம். அவன் வந்து தட்டிக்கொண்டு நிற்க வேண்டாமே என்று வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை.

2006 ஏப்ரலில் வாரியரும் காலமானார்.

சின்னப் புத்தகம்தான், ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம். ஆபீஸ் போகிற பஸ்ஸில் மட்டும் படிக்காதீர்கள். பக்கத்து சீட்காரர், "என்ன சார், கண்ணுல தூசியா?" என்று கேட்பார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு ஒரு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறங்கிவிட்டேன்.